ஒரு ஹெட்லைட் ஸ்விட்சைத் தேடி அலைந்த பதினோரு மாதங்கள்

1965 ஆம் ஆண்டைச் சேர்ந்த எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் என்ற திறந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலையில் என்னை மிகவும் அலைக்கழித்தது என்ஜினும் இல்லை, துருவேறிப் போன தரைத்தகடும் இல்லை. கட்டைவிரல் நுனி அளவே உள்ள ஒரு ஹெட்லைட் ஸ்விட்ச்தான். என்ஜினுக்குக் கையேடு இருக்கிறது, அளவுகள் இருக்கின்றன, அதைக் கழற்றி மாட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஸ்விட்சைப் பற்றிக் கேட்டால் மட்டும் எல்லோரும் ஒரே குரலில், "விளக்கு எரிந்தால் போதாதா, ஏதாவது ஒன்றை மாட்டிவிடுங்கள்" என்றார்கள். எனக்கு முன்பு அந்தக் காரை வைத்திருந்தவர் அப்படித்தான் ஏதோ ஒன்றை மாட்டியிருந்தார். டேஷ்போர்டின் எஃகுத் தகட்டில் வட்டமாக இருந்த துளையை அரத்தால் சதுரமாக அராவி, மேல் பாதியையோ கீழ்ப் பாதியையோ அழுத்தி இயக்கும் பிளாஸ்டிக் ராக்கர் ஸ்விட்ச் ஒன்றைத் திணித்திருந்தார். அதன் பின்புறத்தில் வெவ்வேறு காலத்து இன்சுலேஷன் டேப்புகள் மூன்று அடுக்குகளாகச் சுற்றப்பட்டிருந்தன.

பழைய ஸ்விட்ச் கையில் இல்லை என்பதால், எதைத் தேட வேண்டும் என்பதையே முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதற்குக் கைகொடுத்தவை ஒயர்களின் நிறங்கள். அக்காலத்து பிரிட்டிஷ் கார்களின் நிற ஒழுங்கு ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால், டேப்பைப் பிரித்த மாத்திரத்தில் கதை புரிந்துவிடும். பழுப்பு நிறம் பேட்டரியிலிருந்து நேராக வரும் மின்சாரம். அதற்கு ஃபியூஸ் கிடையாது, சாவியைத் திருப்பாவிட்டாலும் அதில் மின்சாரம் இருக்கும். சிவப்பு நிறம் பக்க விளக்குகளுக்கும் பின்விளக்குகளுக்கும் செல்கிறது. நீலம் ஹெட்லைட்டுக்குரியது, அது ஹை பீமையும் லோ பீமையும் மாற்றும் டிப் ஸ்விட்சைத் தாண்டியபின் இரண்டாகப் பிரிந்து, வெள்ளைக் கோடு போட்ட நீலம் ஹை பீமுக்கும், சிவப்புக் கோடு போட்ட நீலம் லோ பீமுக்கும் போகிறது. என் காரின் டேஷ்போர்டுக்குப் பின்னால் பழுப்பு, சிவப்பு, நீலம் ஆகிய மூன்றும் வெட்டப்பட்டும் ஒட்டப்பட்டும் கிடந்தன. ஆகவே, ஓர் உள்வரவும் இரண்டு வெளியேற்றங்களும் கொண்ட, மூன்று நிலைகளில் நிற்கக்கூடிய ஒரு டாகிள் ஸ்விட்ச்தான் (சிறு நெம்புகோலை மேலும் கீழும் தள்ளி இயக்குவது) அங்கே இருந்திருக்க வேண்டும்: மேலே இருந்தால் எல்லாம் அணைந்திருக்கும், ஒரு சொடுக்கு கீழே வந்தால் பக்க விளக்குகள், இன்னொரு சொடுக்கில் அவற்றோடு ஹெட்லைட்டும் சேர்ந்து எரியும். பிரிட்டிஷ் வழக்கப்படி நெம்புகோலைக் கீழே தள்ளினால்தான் விளக்கு எரியும் என்பது பழகாதவர்களுக்குச் சற்று விசித்திரமாகத் தோன்றும்; தலைகீழாக மாட்டிவிட்டோமோ என்று நானே முதல் வாரத்தில் சந்தேகப்பட்டேன்.

இவ்வளவு தெரிந்த பிறகும் நான் செய்த முதல் காரியம் தவறானது. படத்தில் பார்த்த நெம்புகோல் என் காரின் மற்ற நெம்புகோல்களைப் போலவே இருந்ததால், புதிதாக வார்க்கப்பட்ட மறுதயாரிப்பு ஸ்விட்ச் ஒன்றை வாங்கினேன். முகப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சதுரமாக்கப்பட்ட துளையில் ஒரு வட்டத்தகட்டைப் பற்றவைத்து, மீண்டும் துளையிட்டு, அந்த டேஷ்போர்டுக்கே உரிய சுருக்கம் விழுந்த கறுப்பு வண்ணத்தை அடித்து முடித்து அதை மாட்டியபோது, வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். முதல் இரவுப் பயணத்தில் நாற்பது நிமிடங்கள் ஓட்டியபின் மெல்லிய மீன்வாடை போல ஒரு நாற்றம் வந்தது. சூடேறிய பிளாஸ்டிக்கின் நாற்றம் தெரிந்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். காரை ஓரம் கட்டி நெம்புகோலைத் தொட்டேன். விரலை வைத்திருக்க முடியவில்லை. மறுநாள் கழற்றிப் பார்த்தபோது, நீல ஒயர் சேரும் முனையின் ரிவெட்டைச் சுற்றி அடிப்பலகை காபிக் கறையைப் போல வட்டமாகப் பழுத்திருந்தது.

ஏன் இப்படி ஆயிற்று என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பதற்கு எதுவும் இல்லை. இந்தக் காரில் ரிலே, அதாவது சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் மின் ஸ்விட்ச், இல்லை. விளக்குகள் இழுக்கும் மின்சாரம் முழுவதும் ஸ்விட்ச் வழியாகவே பாய்கிறது. 45 வாட் லோ பீம் இரண்டு என்றால் 90 வாட், 12 வோல்ட்டில் ஏழரை ஆம்பியர். ஹை பீம் 60 வாட் வீதம் இரண்டு என்றால் 10 ஆம்பியர். இதன்மேல் பக்க விளக்கு, பின்விளக்கு, எண்பலகை விளக்கு, மீட்டர்களின் விளக்கு ஆகியவையும் சேர்கின்றன. இவ்வளவையும் சுமக்க வேண்டிய தொடுமுனைகள் அந்த மறுதயாரிப்பில் மெல்லிய தகடாகவும், அவற்றை அழுத்திப் பிடிக்கும் சுருள்வில் தளர்வாகவும் இருந்தன. அதே நிலையில் மீண்டும் இணைத்து விளக்குகளை எரியவிட்டு மல்டிமீட்டரால் அளந்தேன். பழுப்பு ஒயர் சேரும் முனையில் 12.4 வோல்ட், நீல ஒயர் கிளம்பும் முனையில் 11.5 வோல்ட். இடையில் தொலைந்த 0.9 வோல்ட்டை ஏறக்குறைய ஏழு ஆம்பியரால் பெருக்கினால் ஆறு வாட்டுக்கு மேல் வருகிறது. அந்த ஆறு வாட் முழுவதும் தீப்பெட்டியை விடச் சிறிய ஒரு கூட்டுக்குள் வெப்பமாக அடைபட்டுக் கிடந்தது. விளக்கின் ஒளியும் சும்மா விடவில்லை: இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4 ஆம் அடுக்கில் மாறுவதால், இந்த ஏழு சதவீத வீழ்ச்சியே ஒளியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைக் குறைத்துவிடுகிறது. பழைய காரின் விளக்கு மங்கலாகத்தான் இருக்கும் என்று பலர் சமாதானம் சொல்லிக்கொள்வதற்குப் பின்னால், பெரும்பாலும் இப்படி வழியில் தொலைந்துபோன ஒரு வோல்ட் இருக்கிறது.

ஸ்விட்சை வாங்கியவுடன் ஓம் அளவில் தொட்டுப் பார்த்து, பீப் ஒலி கேட்டதும் திருப்தியடைந்தது என் பிழை. அந்தச் சோதனையில் மீட்டர் அனுப்புவது மிகச் சொற்பமான மின்சாரம். கெட்ட தொடுமுனையும் அதற்கு வழிவிடும். உண்மையான சுமையை ஏற்றி, மீட்டரின் இரண்டு கம்பிகளையும் ஸ்விட்சின் உள்வரவு முனையிலும் வெளியேற்ற முனையிலும் வைத்து வோல்ட் அளவில் பார்ப்பதே சரியான முறை. 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் மகிழ்ச்சியடையலாம், 0.2 ஐத் தாண்டினால் கழற்றிச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். காரில் மாட்டாமலேயே ஒரு பேட்டரியையும் பழைய ஹெட்லைட் ஒன்றையும் மேசைமேல் வைத்து இதைச் செய்துவிடலாம். நான் இப்போது வரும் ஸ்விட்ச் எதையும் அந்த மேசையில் பத்து நிமிடம் எரியவிடாமல் காருக்குள் கொண்டுபோவதில்லை.

இரண்டாவது கொள்முதல்தான் எனக்கு அதிக அவமானத்தைத் தந்தது. இந்த முறை மறுதயாரிப்பே வேண்டாம் என்று முடிவு செய்து, பயன்படுத்தப்படாமல் பெட்டியிலேயே கிடந்த லூகாஸ் என்ற நிறுவனம் செய்த அசல் டாகிள் ஒன்றைப் பிடித்தேன். விற்றவர் ஹெட்லைட் ஸ்விட்ச் என்றே சொன்னார். நெம்புகோல் அதே, வளையம் அதே, மூன்று நிலைகளும் சொடுக்குச் சத்தத்தோடு கச்சிதமாக நின்றன. பின்புறத்தில் ஒரு முனை கூடுதலாக இருந்தது. ஏதோ உபரி முனை என்று எண்ணிக் காலியாக விட்டேன். அந்தக் கூடுதல் முனைதான் என்னைச் சந்தேகப்பட வைத்திருக்க வேண்டும். இரவில் ஷெட்டில் காரை நிறுத்தியபடி சோதித்தேன். முதல் சொடுக்கில் பின்சுவரில் சிவப்பு வெளிச்சம் படர்ந்தது. இரண்டாவது சொடுக்கில் முன்சுவர் பளிச்சென்று ஒளிர்ந்த அதே நொடியில், பின்சுவரின் சிவப்பு மறைந்துவிட்டது. ஹெட்லைட்டைப் போட்டால் பின்விளக்கு அணைந்துவிடும் ஒரு காரை நான் உருவாக்கியிருந்தேன். ஓட்டுநர் இருக்கையில் இருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. பின்னால் வரும் லாரிக்காரருக்குத்தான் தெரியும், அதுவும் மிகத் தாமதமாக.

அது இரண்டு வேக வைப்பருக்கான ஸ்விட்ச். வைப்பரில் மெது வேகத்துக்கான இணைப்பு, வேக நிலைக்குப் போகும்போது துண்டிக்கப்பட்டாக வேண்டும். விளக்கிலோ முதல் நிலையில் கிடைத்த இணைப்பு இரண்டாம் நிலையிலும் தொடர வேண்டும். வெளியே இரண்டும் இரட்டைப் பிள்ளைகள், உள்ளே ஒன்றுக்கொன்று எதிர்க்குணம். என் காரில் வைப்பர் ஒரே வேகம் கொண்டது என்பதால், அதன் ஸ்விட்சுக்கு இரண்டே நிலைகள்தான். மூன்று நிலை என்றாலே விளக்கு ஸ்விட்ச் என்று நான் முடிவுகட்டியதற்கு அதுவே காரணம். அன்றிலிருந்து எந்த ஸ்விட்சையும் கையில் எடுத்தால், ஒவ்வொரு நிலையிலும் எந்த முனை எதனோடு சேர்கிறது என்பதை ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிவிடுகிறேன். அணைந்த நிலையில் எதுவும் எதனோடும் சேரக் கூடாது. நடு நிலையில் பழுப்பும் சிவப்பும். கடைசி நிலையில் பழுப்பும் சிவப்பும் நீலமும் ஒன்றாக. இந்த மூன்று வரிகளில் ஒன்று பிசகினாலும் அது என் காருக்கான ஸ்விட்ச் அல்ல.

மூன்றாவது தேடலில் வழியை மாற்றிக்கொண்டேன். எம்.ஜி.பி. என்ற பெயரை வைத்துத் தேடியதே என் சிரமத்துக்குப் பெரிய காரணம் என்று புரிந்தது. ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயர் ஒட்டிய உதிரிபாகத்துக்கு எப்போதும் ஆள் போட்டி அதிகம். ஆனால் இந்த ஸ்விட்சுகளைக் கார் தயாரிப்பாளர் செய்யவில்லை. பர்மிங்ஹாமில் இருந்த லூகாஸ் நிறுவனம் செய்து பலருக்கும் வழங்கியது. ஒரே உடலமைப்புக் கொண்ட ஸ்விட்ச் குடும்பம் ஸ்போர்ட்ஸ் கார்களில் மட்டுமின்றி அக்காலத்துச் சாதாரண சலூன் கார்களிலும் வேன்களிலும் இடம்பெற்றது. 57எஸ்ஏ என்ற டாகிள் குடும்பமே அதற்குச் சான்று. ஆகவே காரின் பெயரை விட்டுவிட்டு, உதிரிபாகப் பட்டியலில் உள்ள கார் தயாரிப்பாளரின் எண்ணுக்கு இணையான லூகாஸ் எண்ணைக் கண்டுபிடித்து, அந்த எண்ணால் தேடத் தொடங்கினேன். லூகாஸ் எண்கள் ஐந்து இலக்கங்கள் கொண்டவை. பின்னாளில் ஓர் எண் வேறோர் எண்ணால் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதையும் கவனிக்க வேண்டும். அப்படி மாற்றப்பட்டு வந்த பொருள் வேலையைச் செய்யும், ஆனால் நெம்புகோல் உலோகத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறியிருக்கக்கூடும்.

எண்ணுக்குப் பக்கத்தில் லூகாஸ் பொறித்த தேதியையும் படிக்கப் பழகிக்கொண்டேன். மாதமும் ஆண்டும், அல்லது வாரமும் ஆண்டும் சிறு இலக்கங்களாக உலோகக் கூட்டில் அழுத்தப்பட்டிருக்கும். எனக்குக் கடைசியில் கிடைத்த ஸ்விட்சில் 11 64 என்று இருந்தது. 1965 இன் தொடக்கத்தில் கட்டப்பட்ட காருக்கு 1964 நவம்பர் ஸ்விட்ச் என்பது இயல்பான இடைவெளி. கார் கட்டப்பட்ட நாளுக்குப் பிந்திய தேதி இருந்தால், அது பின்னாளில் மாற்றப்பட்டதுதான் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். இந்தத் தேதிக்காகவே மாதக்கணக்கில் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். டேஷ்போர்டுக்குப் பின்னால் தலையை நுழைத்துத் தேதி பார்க்கும் விருந்தாளி எவரும் என் வீட்டுக்கு வருவதில்லை. தற்செயலாகப் பொருந்தியதில் மகிழ்ச்சிதான், அவ்வளவே.

விற்பவர்கள் எப்போதும் முன்பக்கத்தைத்தான் படம் பிடிக்கிறார்கள். பின்புறத்தையும், எண் பொறித்த பக்கத்தையும், நெம்புகோல் ஒவ்வொரு நிலையிலும் நிற்பதையும் தனித்தனியாகப் படமெடுத்து அனுப்பச் சொன்னால் தயங்குபவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது. முனைகளின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். பழைய வடிவங்களில் ஒயரைத் துளைக்குள் நுழைத்துத் திருகால் இறுக்குவார்கள். பின்பு வந்தவற்றில் லூக்கார் எனப்படும் 6.3 மி.மீ. தட்டை முனைகள். என் வயரிங்கில் தட்டை முனைக்கான இணைப்புகளே இருந்ததால், திருகு முனை கொண்டது வந்திருந்தால் அது இன்னும் பழைய வேறு காருக்குரியது என்று அப்போதே புரிந்திருக்கும்.

ஒரே மாதிரிக் காரில்கூட ஆண்டும் சந்தையும் மாறினால் ஸ்விட்ச் மாறிவிடும். அமெரிக்காவின் கூட்டாட்சிப் பாதுகாப்பு விதிகள் 1968 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, மோதலில் முழங்காலையோ முகத்தையோ குத்தக்கூடிய நீட்டிய நெம்புகோல்களுக்குப் பதிலாகத் தட்டையான ராக்கர் ஸ்விட்சுகள் வந்தன. எம்.ஜி.பி.யிலும் ஜாகுவார் ஈ-டைப்பிலும் இந்த மாற்றத்தை வெளிப்படையாகவே காணலாம். எனவே மாதிரியின் பெயரை மட்டும் சொல்லி ஸ்விட்ச் கேட்பது பாதிக் கேள்விதான். செவ்ரோலெட் கார்வெட்டை எடுத்துக்கொண்டவர்களுக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது: 1968 இல் தொடங்கிய மூன்றாம் தலைமுறையில் ஹெட்லைட்டுகள் வெற்றிட விசையால் மேலெழுவதால், ஸ்விட்சிலேயே வெற்றிடக் குழாய்களுக்கான மூக்குகள் உண்டு. அவை இல்லாத ஒரு ஸ்விட்சை மாட்டினால், விளக்கு மூடிக்குள்ளேயே எரிந்துகொண்டிருக்கும். ஜெர்மன் கார்களில் நிறத்தை விட முனையின் எண்ணே நம்பத் தகுந்தது. 30 என்றால் பேட்டரி, 58 என்றால் பக்க விளக்கு, 56 என்றால் ஹெட்லைட், அதிலிருந்து 56ஏ ஹை பீம், 56பி லோ பீம்.

மூன்றாவதாக வந்த ஸ்விட்ச் சரியானதுதான், ஆனால் அழுக்கேறியிருந்தது. மேசைச் சோதனையில் 0.4 வோல்ட் தொலைந்தது. அதன் உலோகக் கூடு நான்கு சிறு நாக்குகளை மடித்து அடிப்பலகையைப் பிடித்திருந்தது. நாக்குகளை நிமிர்த்துவதற்கு முன், ஒளி ஊடுருவும் பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றுக்குள் ஸ்விட்சையும் இரண்டு கைகளையும் நுழைத்துக்கொண்டேன். சிரிக்க வேண்டாம், உள்ளே உள்ள சுருள்வில் விடுபட்டதும் சிறு பந்து ஒன்று பையின் மூலையில் டொக்கென்று மோதி விழுந்தது, பை இல்லையென்றால் அது இன்றைக்கும் ஷெட்டின் ஏதோ ஓர் இடுக்கில்தான் இருந்திருக்கும். தொடுமுனைகள் கறுத்து, அவற்றின்மீது அந்தக் காலத்து கிரீஸ் மெழுகாக உறைந்திருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துத் துடைத்து, மிக நுண்ணிய உப்புத்தாளை நான்கைந்து முறை மட்டும் ஓட்டினேன். எஃகுக் கம்பிப் பஞ்சைப் பயன்படுத்தக் கூடாது. அதன் இழை ஒன்று உள்ளே தங்கினாலே போதும், ஃபியூஸ் இல்லாத பழுப்பு ஒயர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மின்சார வேலைக்கான கிரீஸை நெம்புகோலின் சுழல்புள்ளியில் ஒரு பொட்டும், தொடுமுனையில் படலம் போல மிக மெல்லியதாகவும் தடவி மூடினேன். மறு சோதனையில் 0.07 வோல்ட்.

மாட்டும் நாளில் பேட்டரியைத் துண்டிக்காமல் வேலையைத் தொடங்கினேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நெம்புகோலைச் சுற்றியுள்ள வளையத்தில் இரண்டு சிறு பள்ளங்கள் இருக்கும். அதற்குரிய இருமுனைச் சாவி வழுக்கி, பின்பக்கம் தொங்கிய பழுப்பு ஒயரை டேஷ்போர்டோடு சேர்த்துவிட்டது. ஒரு நீலப் பொறியும் புதிய வண்ணத்தில் ஒரு தழும்பும் மிச்சம். 1967 வரை இந்தக் கார்கள் பாசிட்டிவ் எர்த் முறையில், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடலோடு இணைக்கப்பட்டு, வந்தவை. இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். முதலில் கழற்ற வேண்டியது உடலோடு சேர்ந்திருக்கும் பாசிட்டிவ் கம்பி. நெகட்டிவைத்தான் முதலில் கழற்ற வேண்டும் என்று மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். ஸ்விட்சுக்கோ சாதாரண விளக்குகளுக்கோ இந்தத் திசை மாற்றம் ஒரு பொருட்டில்லை.

எல்லாம் சரியாகியும் ஹெட்லைட்டில் 11.6 வோல்ட்தான் வந்தது. இப்போது குற்றவாளி ஸ்விட்ச் இல்லை. இடது காலால் மிதிக்கும் டிப் ஸ்விட்ச். தரையில் இருப்பதால் காலணி கொண்டுவரும் ஈரமும் மண்ணும் முழுவதும் அதற்குத்தான் போய்ச் சேரும். நீல ஒயர் உள்ளே போகும் இடத்துக்கும் வெளியேறும் இடத்துக்கும் இடையே 0.5 வோல்ட் விழுந்தது. டேஷ்போர்டு ஸ்விட்சையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்த மாதங்களில், பேட்டரியிலிருந்து விளக்கு வரை ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முறை அளந்திருந்தால் இதை முன்பே கண்டுபிடித்திருக்கலாம்.

கடைசியாக ரிலேக்கள். பழைய ஸ்விட்ச் பிழைத்திருக்க வேண்டுமானால், அதன் தோளிலிருந்து சுமையை இறக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். அசல் நிலையை வழிபடுபவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். இருட்டில் வளைவில் திரும்பும்போது விளக்கு அணைந்த அனுபவம் அவர்களுக்கு நேராமல் இருக்கட்டும். டிப் ஸ்விட்சிலிருந்து வரும் இரண்டு ஒயர்களும் இப்போது ரிலேயின் 86 ஆம் முனைக்குத்தான் போகின்றன. 85 எர்த், 30 இல் ஃபியூஸ் வழியாகப் பேட்டரி, 87 இலிருந்து விளக்கு. லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலேக்கள். இடது விளக்குக்கும் வலது விளக்குக்கும் தனித்தனி ஃபியூஸ், ஒன்று போனாலும் மற்றது எரிவதற்காக. பாசிட்டிவ் எர்த் காரில் உள்ளே டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) வைத்த ரிலேயை அதன் திசை பார்க்காமல் மாட்டினால் பிரச்சினை. டயோடு இல்லாததை எப்படி மாட்டினாலும் வேலை செய்யும். டேஷ்போர்டு ஸ்விட்சின் ஹெட்லைட் முனையில் இப்போது பாய்வது கால் ஆம்பியருக்கும் குறைவு. அசல் வயரிங்கில் எதையும் வெட்டாமல், சேர்ப்பு ஒயர்களாலேயே இதைச் செய்ததால், ஒரு மணி நேரத்தில் பழையபடி ஆக்கிவிடலாம்.

வைப்பர் ஸ்விட்சை இன்னொரு நண்பரின் காருக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே அது அதன் உண்மையான வேலையைச் செய்கிறது. என் ஸ்விட்சின் நாக்குகள் இதுவரை இரண்டு முறை மடிக்கப்பட்டுவிட்டன, ஒன்றின் அடியில் மயிரிழை போல விரிசலும் தெரிகிறது. மூன்றாம் முறை தாங்காது. அதே எண் கொண்ட இன்னொன்றைச் சென்ற மாதம் கண்டுபிடித்து, மேசையில் பத்து நிமிடம் எரியவிட்டு, 0.08 வோல்ட் என்று சீட்டெழுதிச் சுற்றி, கருவிப்பையின் அடியில் வைத்திருக்கிறேன். அதன் தேதி 1966.